மகள் 'டெக்' படிக்கிறேன் என்கிறாளா?
தாய்மார் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்கள்



மூதூரிலிருந்து சம்பூர் போகும் பஸ்ஸில் நீங்கள் எப்போதாவது ஏறியிருக்கிறீர்களா? ஊர் எல்லையைத் தாண்டியதும் களப்புக் காற்று முகத்தில் அடிக்கும். கட்டைபறிச்சான் இறால் பாலம் வரும். பாலத்தின் இருபுறமும் தண்ணீர். அதில் இடுப்பளவு நின்று வலை வீசுகிறவர்கள். பஸ் ஒரு நிமிடத்தில் பாலத்தைக் கடந்துவிடும். நாமும் அதை மறந்துவிடுவோம்.

அந்தப் பஸ்ஸில் ஒரு தடவை எனக்குப் பக்கத்தில் ஓர் உம்மா தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். மகளுக்குச் சாதாரண தரப் பெறுபேறு வந்திருந்தது. கணிதமும் விஞ்ஞானமும் நல்ல சித்தி. “டெக் எடுக்கப் போகிறாளாம். எடுத்தால் இஞ்சினியர் ஆகலாம் என்று கூட்டாளிமார் சொல்கிறார்களாம். உண்மையா?” என்று அந்த உம்மா என்னிடம் கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குள் ஒரு பொறி இருக்கிறது. அதில் விழுந்து, உயர்தரம் எழுதி முடித்த பிறகு கண் கலங்கிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்த உம்மாவிடம் பஸ்ஸில் முழுதாகச் சொல்ல முடியாமற் போனதை இங்கே உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி இன்றோ நாளையோ எழலாம் அல்லவா?

இரண்டு கதவுகள்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். பொறியியல் வேறு, பொறியியல் தொழில்நுட்பவியல் வேறு. இரண்டும் அக்கா தங்கை போல. முகச்சாயல் ஒன்று, ஆள் வேறு.

நமது நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீடத்துக்குள் போய் நான்கு வருடப் பொறியியல் பட்டம் படிக்க வேண்டுமானால், உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். தொழில்நுட்பப் பிரிவில் எவ்வளவு உயர்ந்த சித்தி பெற்றாலும் அந்தக் கதவு திறக்காது. இதை யாரும் மறைத்து வைக்கவில்லை. ஆனாலும் நமது ஊர்களில் வாய்வழிச் செய்திதான் முந்திப் போகிறது!

தொழில்நுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டில் பாடசாலைகளில் தொடங்கப்பட்டு, 2015ஆம் ஆண்டில் முதன்முதலாக உயர்தரப் பரீட்சைக்கு வந்தது. இதிலே தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம் கட்டாயம். அதோடு பொறியியல் தொழில்நுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல், இரண்டில் ஒன்று. மூன்றாவது பாடத்தை ஒரு பட்டியலிலிருந்து தெரிவு செய்யலாம். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம், பொருளியல், புவியியல், விவசாயம் என்று நீளும் அந்தப் பட்டியலில் மனைப் பொருளியலும் இருக்கிறது என்றால் ஆச்சரியப்படுவீர்கள்.

இந்தப் பிரிவின் கதவு பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்குத் திறக்கிறது. அது தாழ்ந்த கதவு அல்ல, வேறு கதவு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து நுழைகிறவளுக்கு அது நல்ல வீடு. வேறு வீடு என்று நினைத்து நுழைகிறவளுக்குத்தான் ஏமாற்றம்.

என்ன வித்தியாசம்?

அந்த இறால் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். எத்தனை தொன் பாரம் தாங்க வேண்டும், தூண் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், வெள்ளம் வந்தால் நீரின் விசை எவ்வளவு என்று கணக்கிட்டு வரைபடம் தருவது பொறியியலாளரின் வேலை. அந்த வரைபடத்தை வாசித்து, கொங்கிறீட் கலவையைச் சோதித்து, கம்பியின் தரம் பார்த்து, இயந்திரங்களை ஒழுங்காக இயக்கி, பிழை வந்தால் இடத்திலேயே கண்டுபிடித்துத் திருத்துவது தொழில்நுட்பவியலாளரின் வேலை. ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை.

உலக அளவிலும் இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்க 1989இல் வொஷிங்டன் உடன்படிக்கை வந்தது. தொழில்நுட்பவியலாளருக்காக 2001இல் சிட்னி உடன்படிக்கை வந்தது. 2002இல் டப்ளின் உடன்படிக்கை தொழில்நுட்ப உத்தியோகத்தருக்காக வந்தது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வொஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. வெளிநாடு போகும் எண்ணம் உள்ள பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் பின்னால் உதவும்.

எங்கே படிக்கலாம்?

பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்தைக் களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, கொழும்பு, ருகுணு, ரஜரட்ட முதலிய பல்கலைக்கழகங்கள் வழங்குகின்றன. தமிழ்ப் பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது.

“ஒலுவில் நமக்குக் கிட்டத்தானே, அங்கே அனுப்பலாமே” என்று பலரும் நினைக்கிறோம். அது இயல்பு. ஆனால் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பீடம் தொடங்கியது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம், உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் ஆகிய பட்டங்களோடுதான். அங்குள்ள பொறியியற் பீடமோ இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு உரியது. ஆகவே ஊர் கிட்டத்தில் என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் அனுமதிக் கைநூல் வெளியிடுகிறது. எந்தப் பட்டம் எங்கே, எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. புதிய கைநூலைப் பாருங்கள். போன வருடத்துப் புத்தகத்தை நம்ப வேண்டாம்.

இன்னொரு நல்ல செய்தி. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் நமது திருகோணமலையும் ஒன்று.

நான்கு வருடமும் என்ன படிப்பு?

சிறப்புப் பட்டம் என்றால் நான்கு வருடம், 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, செய்முறை, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்ந்து சுமார் 50 மணிநேர உழைப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 6000 மணிநேரம்!

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடங்கள் மாறும். பொதுவான போக்கு இதுதான். முதல் வருடத்தில் கணிதம், பௌதிகம், ஆங்கிலம், கணினி, பொறியியல் வரைதல், பட்டறைப் பயிற்சி ஆகியவை. பட்டறையில் அரத்தால் இரும்பை அராவவும், ஒட்டு வேலை செய்யவும், கடைசல் இயந்திரத்தை இயக்கவும் பிள்ளை பழகுவாள். இரண்டாம் வருடத்தில் பொருட்களின் வலிமை, வெப்பம், நீரோட்டம், மின்சுற்று, இலத்திரனியல் என்று அடித்தளம் இறுகும். மூன்றாம் வருடத்தில் சிறப்புத்துறை: கட்டட நிர்மாணம், மின்சாரம், இயந்திரம், தன்னியக்கம் போன்றவற்றில் பல்கலைக்கழகத்தில் உள்ளது. பிறகு கைத்தொழில் பயிற்சி. மாதக்கணக்கில் ஒரு தொழிற்சாலையிலோ நிர்மாணத் தளத்திலோ வேலை பழக வேண்டும். கடைசியில் ஓர் ஆய்வுத் திட்டம். ஒரு பிரச்சினையை எடுத்து, தானே ஒரு கருவியையோ முறையையோ செய்து காட்ட வேண்டும்.

எல்லாம் ஆங்கிலத்தில். இதைத்தான் நமது பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். உயர்தரம் எழுதிவிட்டு அனுமதி வரும்வரை வீட்டில் நீண்ட மாதங்கள் கழியும். அந்த மாதங்களை ஆங்கிலத்துக்கு ஒதுக்கினால் முதல் வருடத்துப் பாரம் பாதி குறையும்.

வேறு வழிகளும் உண்டு

வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லையா? மகளை அழ விடாதீர்கள். இரத்மலானையில் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தேசிய தொழில் தகைமையில் 5ஆம், 6ஆம் மட்டம் முடித்தவர்கள் பட்டப் படிப்புக்குப் போக அது வழி செய்கிறது. 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். அதாவது திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு சான்றிதழோடு தொடங்கிய பிள்ளையும், படிப்படியாக ஏறிப் பட்டதாரியாகலாம்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவனம் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவை வழங்குகிறது. உயர்தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் கீழ் பொறியியல் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. வேலை செய்துகொண்டே, அல்லது திருமணமான பிறகு படிக்க விரும்புகிறவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியற் பட்டமும் உண்டு, ஆடை உற்பத்தி சார்ந்த கைத்தொழில் கற்கைகள் பட்டமும் உண்டு. அதன் பிராந்திய நிலையம் ஒன்று மட்டக்களப்பில் இருக்கிறது.

பெண்ணுக்கு இது ஒத்து வருமா?

இந்தக் கேள்வி புதியதல்ல. சென்னையில் ஏ. லலிதா என்ற பெண் 15 வயதில் மணமுடித்து, 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையானார். அவருடைய தகப்பனார் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். மகளின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்காமல், கல்லூரி அதிபரிடம் போய் அனுமதி கேட்டார். 1940களின் தொடக்கத்தில் லலிதா மின்பொறியியல் படித்து முடித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியியலாளர்களில் ஒருவரானார். பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்பிறப்பாக்கி வேலைகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. நமது நாட்டில் 1960இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் நுழைந்த முதல் மாணவி பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை. அவரும் தமிழ் பேசும் பெண்தான்.

நமது முன்னோர்களிலும் கைத்தொழில் அறிவை உயர்வாக மதித்தவர்கள் இருந்தார்கள். அல்ஜஸரி என்பவர் 1206ஆம் ஆண்டில் நீர் இறைக்கும் இயந்திரங்களையும் கடிகாரங்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். மற்றவர்கள் பார்த்துச் செய்யும் விதத்தில், பாகம் பாகமாகப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். இன்று தொழில்நுட்பவியல் என்று சொல்வது அதைத்தானே!

ஆனாலும் உங்கள் கவலைகளை நான் சிறியதாக நினைக்கவில்லை. தூரம், விடுதி, ஆண்கள் நிறைந்த வகுப்பு, பட்டறை உடை, பயிற்சிக்குப் போகுமிடம், எல்லாம் நியாயமான கவலைகள். அவற்றைக் காரணமாக்கிக் கதவைச் சாத்துவதற்கு முன், கேள்வியாக்கிக் கேளுங்கள். விடுதி வசதி எத்தனை வருடத்துக்கு? பயிற்சிக்கு மகளை எங்கே அனுப்புவார்கள்? அங்கே ஏற்கனவே படிக்கும் நமது ஊர்ப் பிள்ளைகள் யார்? அந்தப் பிள்ளைகளின் உம்மாமாரிடம் பேசுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கற்கைக் கட்டணம் இல்லை. தகுதியுள்ளவர்களுக்கு மஹாபொல உதவியும் உண்டு. செலவு என்பது விடுதியும் சாப்பாடும் போக்குவரத்தும்தான்.

வேலை கிடைக்குமா?

பட்டம் கையில் வந்தவுடன் வேலை தேடி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நமது மாவட்டத்தைக் கண் திறந்து பாருங்கள். சீனக்குடாப் பக்கம் மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்த் தாங்கிகள். கட்டைபறிச்சானைத் தாண்டினால் சம்பூர். அங்கே நிலக்கரி மின்நிலையம் வரும் என்று பல வருடம் பேசி, 2016இல் அது கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தின் வேலை 2025 ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கி வைக்கப்பட்டது. 2006இல் நாம் எல்லோரும், தமிழரும் முஸ்லிம்களும், மூட்டை முடிச்சோடு ஓடிய மண் இது. அந்த மண்ணில் எழும் தொழிலில், நம் பிள்ளைகள் காவலுக்கும் கூலிக்கும் மட்டும்தான் போக வேண்டுமா? மின்மாற்றியைச் சோதிப்பவளாக, பிழை கண்டு திருத்துபவளாகப் போகக் கூடாதா?

ஒரு காலத்தில் மூதூரிலிருந்து கிண்ணியா வழியாகத் திருகோணமலை போக, ஆறுகளில் பாதைக்குக் காத்துக் கிடந்தோம். பிரசவ வலியோடு கரையில் நின்ற பெண்களின் கதை உங்களுக்குத் தெரியும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. நீளம் 396 மீற்றர். யாரோ படித்த படிப்புத்தான் நமது பெண்களுக்கு அந்தக் காத்திருப்பை இல்லாமற் செய்தது.

பஸ்ஸில் அந்த உம்மாவிடம் நான் சுருக்கமாகச் சொன்னது இதுதான்: “மகளுக்குப் பாலத்தைக் கணக்குப் போட விருப்பமா, கட்டி எழுப்ப விருப்பமா என்று கேளுங்கள். கணக்கு என்றால் கணிதப் பிரிவு. கையால் செய்வது என்றால் டெக். கேட்காமல் மட்டும் பாரம் கொடுத்துவிடாதீர்கள்.”

உம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “வீட்டில் மோட்டர் பழுதானால் நான்தானே உம்மா கழற்றிப் பார்க்கிறேன்” என்றாள்.

உங்கள் மகளிடமும் இன்றிரவே கேட்டுப் பாருங்கள், சகோதரியே. பாடத்தெரிவுப் படிவத்தில் கையெழுத்திட முன்பு.