பழைய வீட்டில் தோட்டா கிடைத்தால்

போகிக்காகப் பரணை ஒழிக்கும்போதும், ஓட்டுவீட்டைப் பிரித்துவிட்டு மாடிவீடு கட்டும்போதும் திண்டுக்கல் பக்கத்துப் பழைய குடும்பங்களில் சில நேரம் ஒரு தகரப்பெட்டி வெளியே வரும். கிரயப் பத்திரங்களுக்கும் கிஸ்தி ரசீதுகளுக்கும் அடியில் கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனான நாலைந்து உருளைகள் கிடக்கும். அடிப்பாகம் பித்தளை, மேல்பாகம் மெழுகேற்றிய அட்டை, அல்லது பிளாஸ்டிக். அவை வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்கள். பார்த்தவுடன் ஒருவர் கிணற்றில் போடச் சொல்வார், இன்னொருவர் போகி நெருப்பில் போடச் சொல்வார், வேறொருவர் பித்தளைக்கு நல்ல விலை கிடைக்கும் என்பார். இந்த மூன்றில் எதையும் செய்யக் கூடாது. அந்த உருளைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

இவ்வட்டாரத்தில் இவை கிடைப்பதில் வியப்பில்லை. கன்னிவாடி, அம்மையநாயக்கனூர், ஆயக்குடி என்று பாளையங்களும் ஜமீன்களும் நிறைந்திருந்த பகுதி இது. சிறுமலை அடிவாரத்திலும் நத்தம், வேடசந்தூர்ப் பக்கத்துக் காடுகரைகளிலும் காட்டுப்பன்றியிடமிருந்து வெள்ளாமையைக் காக்கவும், கவுதாரி, முயல் வேட்டைக்கும் வசதியுள்ள வீடுகளில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருந்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் படிப்படியாக வேட்டைக்கு வழியில்லாமல் போயிற்று. பல வீடுகளில் துப்பாக்கி கைமாறியது, அல்லது அரசிடம் போய்ச் சேர்ந்தது. பெட்டியின் மூலையில் மிஞ்சிய தோட்டாவை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

தோட்டா வருவதற்கு முந்தைய நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்தைக் குழலின் வாய்வழியாகக் கொட்டி, தக்கை வைத்து, ஈய ரவையைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். இவை அத்தனையையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, குழலின் பின்புறம் வழியாகப் போடும்படி செய்ததுதான் தோட்டா. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் படிப்படியாக உருவான ஏற்பாடு அது.

கூட்டின் பித்தளை அடிப்பாகத்தின் நடுவில் சிறிய வட்டமாகத் தெரிவது கேப்பு. தீபாவளித் துப்பாக்கியில் குழந்தைகள் வெடிக்கும் கேப்பைப் போலவே இதுவும் அடி விழுந்தால் பற்றிக்கொள்ளும். வீரியம் பல மடங்கு அதிகம். பழைய கேப்புகளில் பாதரசம் கலந்த வேதிப்பொருளும், பின்னால் வந்தவற்றில் ஈயம் கலந்த வேதிப்பொருளும் இருக்கும். கேப்புக்கு மேலே மருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கரிமருந்தின் இடத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நைட்ரோசெல்லுலோஸ் என்ற புகையில்லா மருந்து பிடித்துக்கொண்டது. மருந்துக்கு மேலே தக்கை, அதற்கும் மேலே ஈய ரவை. பழைய தோட்டாவின் வாயை மூடியிருக்கும் அட்டை வட்டத்தில் ரவையின் அளவு அச்சிட்டிருக்கும். ‘6’ என்றிருந்தால் உள்ளே சுமார் 300 பொடி ரவைகள், பறவைக்கானவை. ‘எஸ்.ஜி.’ என்றிருந்தால் ஏறத்தாழ ஒன்பதே பெரிய குண்டுகள், பன்றிக்கும் மானுக்குமானவை.

நம் பக்கம் அதிகம் கிடைப்பது 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அதுதான் 12 போர் குழல். அதன் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அடிப்பாகத்தில் ஈலி, கைனாக் என்ற எழுத்துகள் இருந்தால் தோட்டா இங்கிலாந்துச் சரக்கு. சக்திமான் என்றிருந்தால் புனே அருகே கட்கியிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலையில் செய்தது.

இத்தனை ஆண்டுகளில் மருந்து செத்துப் போயிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஈரம் படாத கரிமருந்து தலைமுறைகள் தாண்டியும் உயிரோடு இருக்கும். புகையில்லா மருந்து வெப்பத்தில் மெல்லச் சிதைந்து அமில ஆவியை விடும். சித்திரை வெயிலில் காயும் ஓட்டுக்கூரைக்கு அடியில் அந்தச் சிதைவு வேகமாக நடக்கும். அட்டைக்கூடு ஈரத்தில் உப்பும், பித்தளையில் களிம்பு ஏறும். இப்படி நைந்துபோன தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பது இன்னும் மோசம். பாதி எரிந்த மருந்து தக்கையைக் குழலின் நடுவிலேயே நிறுத்திவிடலாம். அடுத்த தோட்டாவைச் சுடும்போது குழலே வெடித்துச் சுட்டவரின் கையைச் சிதைக்கும்.

நெருப்பில் விழுந்தால் தோட்டா நிச்சயம் வெடிக்கும். குழலின் அழுத்தம் இல்லாததால் ரவை துப்பாக்கியிலிருந்து கிளம்பும் வேகத்தில் பாயாது. ஆனால் கேப்பும் பித்தளைத் துணுக்குகளும் தெறிக்கும். போகித் தீயைச் சுற்றி நிற்கும் குழந்தைகளின் கண்ணைப் பறிக்க அது போதும். கிணற்றில் போட்டால் அட்டைத் தோட்டா நனைந்து வீணாகலாம், பிளாஸ்டிக் தோட்டா பத்திரமாகவே இருக்கும். எதுவானாலும் ஈயம் தண்ணீரில் தங்கிவிடும், அடுத்த முறை தூர் எடுப்பவர் கையில் தோட்டா அகப்படும். எண்ணெயில் ஊறவைத்தால் செயலிழந்துவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். வாயைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிடலாம் என்று பார்த்தால் கேப்பு அப்படியே மிஞ்சும்.

பழைய இரும்புக்கடைக்குப் போடுவதுதான் ஊராரையும் சேர்த்து ஆபத்தில் தள்ளும் செயல். பூட்டுக்குப் பேர்போன ஊர் நம் ஊர். 2019இல் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. இங்கே எடைக்குப் போடும் பித்தளை ஏதாவது ஒரு பட்டறை உலைக்குப் போய்ச் சேரும். கழிவு உலோகத்தோடு கலந்துவரும் வெடிபொருள் என்ன செய்யும் என்பதற்கு 2004 செப்டம்பரில் காசியாபாத் அருகே நடந்ததே சாட்சி. வெளிநாட்டிலிருந்து வந்த கழிவு இரும்பில் கிடந்த பீரங்கிக் குண்டுகள் உருக்காலையில் வெடித்துப் பத்துத் தொழிலாளிகள் இறந்தார்கள். வேட்டைத் தோட்டா அவ்வளவு பெரிதல்ல. ஆனால் உலை முன் குனிந்து நிற்பவரின் முகத்துக்கு அதுவே அதிகம்.

அப்படியானால் என்ன செய்வது? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி உரிமமில்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்குரிய தண்டனை இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறை. இதைக் கேட்டுப் பயந்துதான் பலரும் ஒளித்து வைக்கிறார்கள். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு வழியும் காட்டுகிறது: எந்தக் காரணத்தாலாவது ஆயுதத்தையோ தோட்டாவையோ வைத்திருக்கும் உரிமை முடிந்துபோனால், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 3ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடர மாவட்ட நடுவரின், அதாவது ஆட்சியரின் முன் அனுமதியும் வேண்டும். மேலும், பொருள் தன்னிடம் இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் அது குற்றமாகும் என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கிலும் 1994இல் சஞ்சய் தத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தாத்தா வைத்துப்போனது தெரியாமல் இருந்த நாற்பது ஆண்டுகள் உங்களைக் குற்றவாளியாக்காது. பெட்டியைத் திறந்து பார்த்த பின் ஒளித்து வைக்கும் நாள்களுக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே பயந்தவர்தான் முதலில் போய்ச் சொல்ல வேண்டும்.

கிடைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, குழந்தைகளை அப்பால் அனுப்பி, அறையைப் பூட்டுங்கள். தொடாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பையில் போட்டு பஸ்ஸிலோ பைக்கிலோ நீங்களே கொண்டுபோக வேண்டாம். காவல் நிலையத்துக்கு வெறுங்கையோடு போங்கள், அல்லது 112க்கு அழையுங்கள். யாருடைய வீடு, எங்கே கிடைத்தது, எத்தனை, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு மனு எழுதுங்கள். பெரியவரின் இறப்புச் சான்றும், பழைய உரிமப் புத்தகம் இருந்தால் அதன் நகலும் இணைத்துவிடுங்கள். திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய உரிமத்தில் மதுரை ஆட்சியர் முத்திரை இருந்தால் குழம்ப வேண்டாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வழக்கறிஞரையோ கிராம நிர்வாக அலுவலரையோ உடன் அழைத்துக்கொள்ளலாம். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

துப்பாக்கியும் சேர்ந்து கிடைத்தால் அதில் மருந்து கெட்டித்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விசையைத் தொட்டுச் சோதிக்க வேண்டாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாறைநிலமான நம் பக்கத்தில் கிணறு வெட்ட வைக்கும் வெடியையும் தோட்டா என்றுதான் சொல்கிறோம். கிடைத்தது தாள் சுற்றிய ஜெலட்டின் குச்சியாகவோ, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உலோகக் குழாயாகவோ இருந்தால் கதையே வேறு. பழைய ஜெலட்டின் கசிந்திருக்கலாம். குழாய் வடிவ டெட்டனேட்டர் சிறு அதிர்ச்சியிலும் வெடித்து விரல்களைக் கொண்டுபோகும். வீட்டைவிட்டு எல்லோரும் வெளியேறிய பின்பே போலீசை அழைக்க வேண்டும்.

இன்று உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி எழுபது வயதானாலோ, இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். வாரிசுக்கு வேண்டாமென்றால் தோட்டாக்களை இப்போதே எண்ணி, முறைப்படி ஒப்படைத்துவிடலாம். எங்கே எத்தனை இருக்கின்றன என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். நீங்கள் வைத்ததை எங்கே கொடுக்க வேண்டும் என்று பேரன் பேத்திகள் தவிக்கும் நிலையை உங்கள் காலத்திலேயே தீர்த்துவிடலாம்.