பொத்தானுக்குப் பின்னே ஒரு சுவர்

படங்களைத் திருத்த உதவும் கிம்ப் என்ற இலவச மென்பொருளுக்கு விநோதமான ஒரு வரலாறு உண்டு. 1990களின் நடுவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர்களான ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் அதை எழுதத் தொடங்கினார்கள். பொத்தான், மெனு, சாளரம் போன்றவற்றைத் திரையில் வரைவதற்கு முதலில் மோட்டிஃப் என்ற டூல்கிட்டை நம்பியிருந்தார்கள். அது காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. அது பிடிக்காமல் சொந்தமாகவே ஒன்றைச் செய்துகொண்டார்கள். ‘கிம்ப் டூல்கிட்’ என்பதன் சுருக்கம்தான் ஜிடிகே. பிள்ளை தாயைவிடப் பெரிதாக வளர்ந்தது. லினக்ஸ் உலகின் க்னோம் மேசைத்தளமே அதன்மேல்தான் நிற்கிறது. ஜிடிகேயின் மூன்றாம் பதிப்பு 2011 பிப்ரவரியில் வந்தது. அதற்குக் குடிபெயர்ந்த கிம்ப் 3.0 வெளிவந்ததோ 2025 மார்ச்சில். நடுவில் 14 ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் ஜிடிகேயின் நான்காம் பதிப்பும் வந்து நாலு வருஷம் ஆகிவிட்டிருந்தது.

பொத்தானை மாற்ற இவ்வளவு காலமா என்று கேட்கத் தோன்றும். பொத்தானை வரைவது எளிது. சிக்கல் அதை அழுத்திய பிறகு நடப்பதில் இருக்கிறது. சாதாரண நிரல் நூலகத்தை நம் நிரல் அழைக்கும். வேலை முடிந்ததும் கட்டுப்பாடு நம்மிடமே திரும்பிவிடும். இடைமுக டூல்கிட் அப்படியல்ல. சுட்டி அசைவுக்கும் விசைத் தட்டலுக்கும் காத்திருக்கும் முடிவில்லாத சுழற்சி ஒன்றை அது நடத்துகிறது. ஏதாவது நடந்தால் நம் நிரலை அது அழைக்கிறது. எஜமான் டூல்கிட், வேலையாள் நாம். அவசரத்தில் இருக்கும் நிரலாளர், பொத்தான் அழுத்தப்பட்டதும் ஓடும் அந்தத் துண்டிலேயே கணக்கையும் போட்டு, கோப்பையும் திறந்து, விடையையும் திரையில் எழுதிவிடுவார். இப்படி ஆயிரம் பொத்தான்கள் சேர்ந்த பிறகு எது நிரலின் அறிவு, எது அதன் முகம் என்று பிரிக்கவே முடியாது. டூல்கிட் மாற்றம் சுலபமாகுமா, வதையாகுமா என்பதைப் புதிய டூல்கிட்டின் தரம் முடிவு செய்வதில்லை. நிரலின் அறிவுக்கும் முகத்துக்கும் நடுவே பல ஆண்டுகளுக்கு முன்பே சுவர் எழுப்பப்பட்டதா என்பதுதான் முடிவு செய்கிறது.

இதற்கு நல்ல சாட்சி வயர்ஷார்க். வலைப்பின்னலில் ஓடும் தரவுப் பொட்டலங்களைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் இந்த மென்பொருளை ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் ஈத்தீரியல் என்ற பெயரில் வெளியிட்டார். அதன் முகமும் ஜிடிகேதான். மேக் கணினிகளில் அது எக்ஸ்11 என்ற வேறொரு மென்பொருளின் தயவில் ஓடியது, அந்நியமாகவும் தெரிந்தது. எல்லா இயங்குதளத்திலும் இயல்பாகப் பொருந்தும் க்யூடி என்ற டூல்கிட்டுக்கு மாறுவது என்று 2013இல் அறிவித்தார்கள். (எழுத்தில் க்யூடி, ஆனால் ‘க்யூட்’ என்று உச்சரிக்க வேண்டும் என்பது அதை உருவாக்கியவர்களின் ஆசை.) ஜிடிகே சி மொழியில் எழுதப்பட்டது, க்யூடி சி++ மொழியில், மொழியே மாறுகிறது. ஆனாலும் 2015 நவம்பரில் வந்த 2.0 பதிப்பு புது முகத்தோடு வந்தது. காரணம், பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கும் பகுதி தனி நூலகமாக இருந்தது. அதே நூலகத்தைக் கொண்டு, சாளரமே இல்லாமல் கட்டளை வரியில் மட்டும் ஓடும் டிஷார்க் என்ற இரட்டைப் பிறவியும் உண்டு. முகமே இல்லாத ஒரு பயனர் இருந்ததால், அறிவுப் பகுதிக்குள் பொத்தான் புகுந்துவிடாமல் சுவர் காப்பாற்றப்பட்டது. பழைய ஜிடிகே முகத்தையும் அவர்கள் உடனே தூக்கியெறியவில்லை. 2019 பிப்ரவரியில் வந்த 3.0 பதிப்பு வரை அதுவும் பக்கத்திலேயே இருந்தது.

கிம்பிலும் அந்தச் சுவர் இருந்ததே என்று விஷயம் தெரிந்தவர்கள் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான், முகமில்லாமல் ஓடும் கிம்ப் வடிவமும் உண்டு. அங்கே தாமதத்துக்கு ஒரு காரணம் ஆள் பற்றாக்குறை. இன்னொன்று வேலை வரிசை: படக் கணக்கீட்டை கெக்ல் என்ற புதிய இயந்திரத்துக்கு மாற்றும் பெரும்பணியை முதலில் எடுத்தார்கள், அது 2018இல் 2.10 பதிப்போடுதான் கரையேறியது. ஆனால் மூன்றாவது காரணம் என் வாதத்தையே உறுதிப்படுத்துகிறது. கிம்பின் செருகுநிரல்கள் தனித்தனி நிரல்களாக ஓடுபவை. தங்கள் உரையாடல் பெட்டிகளை அவை நேரடியாக ஜிடிகேயைக் கொண்டே வரைந்துகொள்கின்றன. சுவர் வீட்டுக்குள் இருந்தது, டூல்கிட்டோ வாசல் வழியாக ஊருக்குள் போய்விட்டது. யார் யாரோ எழுதிய செருகுநிரல்கள் உடையாமல் டூல்கிட்டை மாற்ற வழியில்லை, 3.0க்காக அவற்றையும் திருத்தவேண்டி வந்தது.

இத்தனை பாடு எதற்கு, எல்லாவற்றையும் இடித்துப் புதிதாக எழுதிவிடலாமே என்பது இளம் நிரலாளர்களின் நிரந்தர ஆசை. நெட்ஸ்கேப் அதைச் செய்து பார்த்தது. அதன் உலாவியின் நான்காம் பதிப்பு 1997இல் வந்தது. பழைய நிரலைக் கைவிட்டுப் புதிதாக எழுத 1998இல் முடிவெடுத்தார்கள். ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. ஆறாவது 2000 நவம்பரில் வந்தபோது சந்தை மைக்ரோசாஃப்ட் கையில் இருந்தது. அந்தப் புதிய நிரலிலிருந்துதான் பின்னாளில் ஃபயர்ஃபாக்ஸ் பிறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிரல் பிழைத்தது, நிறுவனம் பிழைக்கவில்லை. பழைய நிரலில் அசிங்கமாகத் தெரியும் ஒவ்வொரு வரியும் என்றோ ஒரு பயனரின் புகாருக்குச் சொன்ன பதிலாக இருக்கக்கூடும். இடித்தால் பதில்கள் போய்விடும், புகார்கள் மட்டும் திரும்ப வரும்.

அப்படியானால் மாறாமலே இருந்துவிடலாமா? 3.0க்கு முன்பு கிம்ப் நம்பியிருந்த ஜிடிகே 2க்கு, லினக்ஸில் புதிதாக வந்த வேலாண்ட் காட்சி அமைப்போடு நேரடியாகப் பேசத் தெரியாது. அடர்த்தி மிகுந்த திரைகளில் அதன் பொத்தான்கள் கடுகாகச் சிறுத்துவிடும். நின்ற இடத்தில் நின்றாலும் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. உலாவிக்குள் குடியேறிவிட்டால் தொல்லை தீரும் என்றும் எண்ண வேண்டாம். இணையப் பக்கங்களுக்கு முகம் அமைக்க 2010இல் வந்த கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ்ஸை நம்பி எழுதியவர்களுக்கு 2016இல் ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் ஒன்று, உள்ளே வேறு. பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. கூகுள் செய்த ஒரு நல்ல காரியம், இரண்டையும் ஒரே பக்கத்தில் ஓடவிட்டுத் துண்டுதுண்டாக மாற்றிக்கொள்ளக் கருவி கொடுத்ததுதான். இரண்டு முகத்தையும் பராமரிப்பது இரட்டிப்பு வேலைதான். ஆனால் புது முகம் தவறும் நாளில் பயனருக்குப் பழையது கையில் இருக்கும்.

வயர்ஷார்க்கிலிருந்து ஜிடிகே போய்விட்டது. ஆனால் ஜிடிகேக்கு அடித்தளமாகப் பிறந்த ஜிலிப் என்ற சிறு நூலகம் அதன் பகுப்பாய்வு இயந்திரத்துக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முகத்தோடு சம்பந்தமில்லாத அதை அகற்றவேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.