கசப்பு சாக்லேட்... கொஞ்சம் கவனம்!

"ஹார்ட்டுக்கு நல்லதாமே!" என்று தினமும் ராத்திரி டார்க் சாக்லேட் சாப்பிடும் தாத்தா. "எனக்கும் தா தாத்தா!" என்று கை நீட்டும் அஞ்சு வயசுப் பேரன். இன்று பல வீடுகளில் பார்க்கிற காட்சிதான். தாத்தா தாங்கும் அளவை பேரன் தாங்குவானா?

2022 டிசம்பரில் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு 28 டார்க் சாக்லேட்களைப் பரிசோதித்தது. அத்தனையிலும் ஈயமும் காட்மியமும் இருந்தன!

யாராவது கலப்படம் செய்தார்களா? இல்லை. கோகோ மரம், மண்ணில் உள்ள காட்மியத்தை வேர் வழியாக உறிஞ்சி விதையில் சேர்த்து வைக்கிறது. ஈயம் வருவது பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு. விதைகளை வெளியில் காய வைக்கும்போது படிகிற புழுதிதான் காரணம். டார்க் சாக்லேட்டில் கோகோ அதிகம். அதனால் உலோகமும் அதிகம்.

இவை உடம்புக்குள் போனால்? காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். லேசில் வெளியேறாது, வருஷக்கணக்காகும். ஈயம், குழந்தையின் வளரும் மூளையைத் தாக்கும். 'இவ்வளவு ஈயம் வரை பயமில்லை' என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்படியானால் சட்டம் என்ன செய்கிறது? இங்கேதான் குழப்பமே! கலிஃபோர்னியாவில், ஒரு பொருள் மூலம் ஒருவர் உடம்பில் நாளொன்றுக்கு 4.1 மைக்ரோகிராமுக்கு மேல் காட்மியம் சேரும் என்றால், எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். விற்பனைக்குத் தடை இல்லை. ஐரோப்பிய யூனியனோ பொருளை அளக்கிறது. பாதிக்கு மேல் கோகோ உள்ள சாக்லேட்டில், கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் வரை 2019 முதல் அனுமதி. அந்த உச்சத்தைத் தொடும் சாக்லேட்டில் 30 கிராம் சாப்பிட்டால் 24 மைக்ரோகிராம். அங்கே சட்டப்படி சரி. கலிஃபோர்னியா கணக்கில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு!

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்குப்படி, வாரத்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் காட்மியம் வரை தாங்கலாம். அரிசி, காய்கறி எல்லாம் சேர்த்துத்தான் இது. 60 கிலோ தாத்தாவுக்கு நாளைக்குச் சுமார் 21. 20 கிலோ பேரனுக்கோ 7 மட்டுமே! ஆக, 'சட்டப்படி சரி' என்பதற்கு 'குழந்தைக்குத் தினமும் கொடுக்கலாம்' என்று அர்த்தமில்லை.

இதற்காக சாக்லேட்டைத் தூக்கி எறிய வேண்டாம். எல்லா சாக்லேட்டும் அந்த உச்சத்தைத் தொடுவதில்லை. பெரியவர்கள் எப்போதாவது ஒன்றிரண்டு துண்டு சாப்பிடலாம். மருந்து மாதிரி தினமும் வேண்டாம். ஒரே பிராண்டையே வாங்காமல் மாற்றி வாங்குங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ரொம்பவே குறைத்துக்கொள்வது நல்லது. இரும்புச்சத்து குறைந்த உடம்பு இந்த உலோகங்களைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் ரத்தசோகை இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

பேரன் கை நீட்டினால்? ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுங்கள், தாத்தா!