நம் பிள்ளையை என்ன சொல்லி அழைக்கிறோம்?



பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று மலைக் கிராமங்கள் எங்கும் சுகாதாரச் செவிலியர்கள் வீடு தேடி வருகிறார்கள். பேறுகாலம், தடுப்பூசி, கருத்தடை பற்றியெல்லாம் இன்று நாம் கூச்சமில்லாமல் பேசுகிறோம். ஒரு காலத்தில் இவையும் வாய் திறக்கக் கூடாத பேச்சாகத்தான் இருந்தன. பேசப் பழகியதால் பல உயிர்கள் பிழைத்தன.

இன்று இன்னொரு பேச்சை எடுத்துக்கொள்வோம். ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும் எல்லா ஊரிலும் உண்டு. மலையிலும் உண்டு. அவர்களும் யாரோ ஒரு தாய் தகப்பனின் பிள்ளைகள். அவர்களை எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பது குடும்ப நலத்தைச் சேர்ந்த காரியம்தான். ஏன் என்று பார்ப்போம்.

திண்ணையில் ஒரு பேச்சு

இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பூண்டுக் காட்டு வேலை முடிந்து கணவனும் மனைவியும் திண்ணையில் இருக்கிறார்கள். செவிலியர் வருகிறார்.

மனைவி: நர்சம்மா, ஒண்ணு கேக்கணும். வெளியில சொல்லிப்புடாதீங்க. மதுரையில படிக்கிற எங்க மகன் லீவுக்கு வந்திருந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தோம். "எனக்குப் பொம்பளப் புள்ளைங்க மேல ஆசை வரலம்மா, பசங்க மேலதான் வருது"ன்னு சொல்லிட்டு அழுதான்.

கணவர்: நான் கோவத்துல, "நீ என்ன ஒம்போதாடா?"ன்னு கேட்டுப்புட்டேன். அன்னைக்கே பஸ் ஏறிட்டான். பதினஞ்சு நாளாச்சு. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறான்.

செவிலியர்: அண்ணே, அந்தச் சொல்லை அவன் பள்ளிக்கூடத்துலயும் கேட்டிருப்பான், பஸ்ஸுலயும் கேட்டிருப்பான். அதையெல்லாம் தாங்கிக்கிட்டான். வீட்டுலயும் அதே சொல்லுன்னதும் தாங்க முடியல.

கணவர்: வேற என்னன்னுதான் சொல்றது? எனக்குத் தெரிஞ்ச சொல்லு அது ஒண்ணுதானேம்மா!

அந்தத் தகப்பன் கெட்டவர் அல்ல. அவரிடம் நல்ல சொல் இல்லை. அவ்வளவுதான். நம்மில் பலருக்கும் அதே நிலைதான். எனவே சொற்களைத் தெரிந்துகொள்வோம்.

இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள்

"நான் யார்? ஆணா, பெண்ணா, வேறா?" என்பது ஒரு கேள்வி. "என் மனம் யாரை நாடுகிறது?" என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஆணை விரும்பும் ஆணைத் திருநங்கை என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள்.

ஆணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இவை முதல் கேள்விக்கான விடைகள்.

மேலே சொன்ன மகன் தன்னை ஆணாகத்தான் உணர்கிறான். அவன் மனம் ஆணை நாடுகிறது. இது இரண்டாவது கேள்விக்கான விடை. இதற்குப் பெயர் தன்பாலீர்ப்பு. தன் பாலினத்தார் மேல் ஏற்படும் ஈர்ப்பு என்று பொருள்.

இன்று வழங்கும் சொற்கள்

1. தன்பாலீர்ப்பாளர்: தன் பாலினத்தாரை விரும்புபவர். ஆணானால் 'கே' என்றும், பெண்ணானால் 'லெஸ்பியன்' என்றும் பலர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழில் மகிழ்வன், நங்கை என்றும் சிலர் சொல்கிறார்கள்.

2. இருபாலீர்ப்பாளர்: ஆண், பெண் இருவர் மேலும் ஈர்ப்பு உடையவர்.

3. எதிர்பாலீர்ப்பாளர்: ஆணை விரும்பும் பெண், பெண்ணை விரும்பும் ஆண். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான். நமக்கும் ஒரு பெயர் உண்டு என்பதைக் கவனியுங்கள்!

4. ஊடுபால்: பிறக்கும்போதே உடலமைப்பு ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றுக்குள் முழுதாக அடங்காதவர். இது உடலைப் பற்றியது, விருப்பத்தைப் பற்றியது அல்ல.

5. பால்புதுமையர்: இவர்கள் பலரையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர்.

"ஓரினச்சேர்க்கை" என்று சொன்னால் என்ன?

செய்தித்தாளில் நெடுங்காலம் வந்த சொல் இது. "சேர்க்கை" என்றதும் நம் எண்ணம் படுக்கையறைக்குப் போய்விடுகிறது. கணவன் மனைவியாகிய உங்கள் வாழ்க்கையை யாராவது அந்த ஒரு சொல்லால் சொன்னால் ஒப்புவீர்களா? காப்பித் தோட்ட வேலை, கடன், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுப்பது, பேசாமல் கோபித்துக்கொண்டு பிறகு பேசுவது என்று எல்லாம் சேர்ந்ததுதானே உங்கள் வாழ்வு! அவர்களுக்கும் அப்படித்தான். அதனால்தான் "சேர்க்கை" போய் "ஈர்ப்பு" வந்தது.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லே பழையது அல்ல. 1869-ல் கெர்ட்பெனி என்ற எழுத்தாளர் ஜெர்மன் மொழியில் அதை எழுதினார். அத்தகையோரைத் தண்டிக்கும் சட்டத்தை எதிர்த்து எழுதும்போது அவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. 'லெஸ்பியன்' என்பது கிரேக்க நாட்டு லெஸ்போஸ் தீவின் பெயரிலிருந்து வந்தது. பெண்களின் மேல் அன்பைப் பாடிய சாப்போ என்ற பெண் கவி வாழ்ந்த தீவு அது. 'கே' என்றால் முன்பு மகிழ்ச்சி என்று பொருள். மகிழ்வன் என்பது அதைத் தழுவிய சொல்.

தமிழிலும் சொற்கள் மாறியே வந்திருக்கின்றன. இழிவாக வழங்கிய பழைய பெயர்கள் போய், திருநங்கை என்ற சொல் நிலைத்தது. 2008 ஏப்ரல் 15-ல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. நம் மலைக்குக் கீழே உள்ள மதுரையில் 2012-ல் சிருஷ்டி என்ற அமைப்பின் இளைஞர்கள் வானவில் பேரணி நடத்தினார்கள். பாலினம் குறித்துத் தமிழ்ச் சொற்களை ஆக்கும் வேலையிலும் இறங்கினார்கள்.

பிறகு நீதிமன்றமே சொல் கேட்டது. ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7-ல் உத்தரவு பிறப்பித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. நீதிபதியே பாடம் கேட்டார் என்றால் நாம் கேட்பதில் வெட்கம் என்ன?

சொல் பற்றிய பேச்சு அதோடு முடியவில்லை. 2025 மே மாதம் இதே உயர் நீதிமன்றத்தின் வேறு இரு நீதிபதிகள், 'குயர்' என்ற ஆங்கிலச் சொல்லே தங்களுக்கு உறுத்துகிறது என்று தீர்ப்பில் எழுதினார்கள். அகராதியில் அதற்கு "விசித்திரமான" என்று பொருள். ஆனால் அந்தச் சொல்லையே விரும்பி ஏற்றவர்களும் பலர். ஆகவே எந்தப் பட்டியலையும்விட நல்ல வழி ஒன்று உண்டு: "உன்னை எப்படிச் சொன்னா உனக்குப் பிடிக்கும்?" என்று அவரிடமே கேட்பது.

தம்பதியர் வழக்கமாகக் கேட்பவை

*இது நோயா, நர்சம்மா?*

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல் இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இதை மாற்றுகிறேன் என்று மருந்தோ, ஊசியோ, மின்சார அதிர்ச்சியோ கொடுப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. மந்திரித்தல், வேப்பிலை அடி, பட்டினி போடுதல் எதுவும் பயன் தராது. பிள்ளையின் உடலும் மனமும் கெடும்.

*வளர்ப்புச் சரியில்லையா? சேர்க்கை தோசமா?*

உங்கள் வளர்ப்பில் குற்றமில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்வதும் இல்லை.

*ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடாதா?*

ஆகாது. இந்த ஒரு யோசனையால் கெடுவது இரண்டு வாழ்க்கை. உங்கள் மருமகளும் ஒரு வீட்டுப் பெண். தன்னிடம் என்ன குறை என்று தெரியாமல் ஆயுளுக்கும் அழ வேண்டியவள் அவள். மகளைக் கட்டாயப்படுத்தினாலும் இதே கதைதான்.

*போலீஸ் கேஸ் ஆகுமா?*

வயதுவந்த இருவர் மனம் ஒத்து வாழ்வது குற்றமல்ல. 1860-ல் வெள்ளைக்காரர் எழுதிய 377-ஆம் பிரிவை அந்த அளவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் செல்லாது என்றது. அப்படிப்பட்ட திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023-ல் அதே நீதிமன்றம் மறுத்தது. ஆனால் வயதுவந்த பிள்ளையை அடைத்து வைப்பதும் அடிப்பதும் சட்டப்படி தவறு.

*எய்ட்ஸ் வருமா?*

பாதுகாப்பில்லாத உடலுறவால் எவருக்கும் எச்.ஐ.வி. வரலாம். ஈர்ப்பால் வருவதில்லை. ஆணுறையும் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம்

மனைவி: இப்ப நாங்க என்ன செய்யணும் நர்சம்மா?

செவிலியர்: பெருசா ஒண்ணும் வேணாம் அக்கா. அண்ணன் இன்னைக்கு ஒரு சேதி அனுப்பட்டும். "அப்பா தெரியாம சொல்லிட்டேன். சாப்பிட்டியா?"ன்னு கேட்டா போதும். மத்ததை மெதுவாப் பேசலாம்.

கணவர்: எனக்கு இன்னும் முழுசா வெளங்கலையேம்மா.

செவிலியர்: வெளங்குற வரைக்கும் அவன் காத்திருப்பான் அண்ணே. அந்தச் சொல்லை மட்டும் திரும்பச் சொல்லாதீங்க.

நினைவில் வையுங்கள்

• பிள்ளை சொன்னதை ஊருக்கோ உறவுக்கோ அவன் சம்மதமின்றிச் சொல்லாதீர்கள்.

• எண்ணைச் சொல்லியும், பட்டப்பெயர் வைத்தும் யாரையும் கேலி செய்யாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் பிள்ளையே அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

• பிள்ளை பேசாமல் ஒடுங்கினாலோ, சாகிறேன் என்றாலோ தனியே விடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். 104 எண்ணும் உண்டு. இரண்டும் இலவசம்.

• சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது நாள் பார்த்து, நல்ல பெயராகத் தேடி வைத்தோம். அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். வீட்டுக்கு வரும்.