ரேடியோ பாடுது... நம்பர் மட்டும் தெரியலையா? செட்டைத் தூக்கிப் போடாதீங்க!

காரில் பாட்டு ஓடுகிறது. வால்யூமைக் கூட்டினால் கூடுகிறது. ஸ்டேஷனை மாற்றினால் மாறுகிறது. ஆனால், எந்த ஸ்டேஷன் என்று பார்த்தால் டிஸ்ப்ளே கன்னங்கரேல் என்று கிடக்கிறது. பகலிலாவது எண்கள் மங்கலாகத் தெரியும். ராத்திரியில் அதுவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார்களில், கம்பெனியிலேயே பொருத்தி வந்த ரேடியோவுக்கு வரும் வழக்கமான கோளாறு இது. 'செட் போயிடுச்சு' என்று முடிவுகட்டி, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது டச் ஸ்கிரீன் மாட்டிவிடுகிறார்கள் பலர். ஆனால், பெரும்பாலும் போயிருப்பது செட் அல்ல. அதற்குள் நெல்மணி அளவில் இருக்கும் ஒரு பல்பு!

டெல்டாவுக்கு ரேடியோ ஏன் முக்கியம்?

'போனிலேயே எல்லாம் வருதே, ரேடியோ எதுக்கு?' என்று கேட்கலாம். டெல்டாவில் ரேடியோ வெறும் பாட்டுப் பெட்டியாக இருந்ததில்லை. 1939-ல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையம்தான் தஞ்சை விவசாயிகளுக்குப் பல காலம் வேளாண் பள்ளிக்கூடம். 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகத்தைத் தந்தது. அதைப் பற்றிய செய்தி வானொலி வழியாகவே வயலுக்கு வந்ததால், விவசாயிகள் அந்த ரகத்துக்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை வானொலிச் செய்தியில் கேட்டுவிட்டு நாற்றங்கால் வேலையை யோசித்த குடும்பங்கள் இங்கே ஏராளம்.

இன்றைக்கும் அதற்கு வேலை இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 'கஜா' கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில் கரன்ட்டும் டவரும் இல்லாமல், பேட்டரியில் ஓடக்கூடிய ரேடியோ வாசலில் நிற்கும் காரில் இருக்கிறது. அதில் எந்த அலைவரிசை ஓடுகிறது என்று தெரியவேண்டாமா?

சாலைப் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடந்துவிடும். இருண்ட டிஸ்ப்ளேவை இரண்டு விநாடி உற்றுப்பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காய, எதிரே அறுவடை இயந்திரம் வரும் நம்மூர்ச் சாலைகளில் அது விளையாட்டல்ல.

வெளிச்சம் ஏன் போகிறது?

பழைய கார் ரேடியோக்களில் எண்களைக் காட்டுவது பெரும்பாலும் எல்.சி.டி. திரை. அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஜன்னல் கண்ணாடியில் எழுதியதைப் போல, பின்னாலிருந்து ஒளி வந்தால்தான் எழுத்து தெரியும். அந்த ஒளியைத் தருவதுதான் பேக்லைட் பல்பு. உள்ளே முடியைவிட மெல்லிய டங்ஸ்டன் இழை. சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் தேய்கிறது. மேடு பள்ளத்தில் கார் குலுங்க, ஒருநாள் பட்டென்று அறுந்துவிடுகிறது. ரேடியோவின் மற்ற பாகங்களுக்கு இதில் எந்தப் பாதிப்பும் இல்லை.

கடைக்குப் போவதற்கு முன்பு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரேடியோவை ஓடவிட்டு, போன் டார்ச்சைச் சாய்வாகத் திரைமேல் அடித்துப் பாருங்கள். எண்கள் மங்கலாகத் தெரிந்தால், பல்பு மட்டும்தான் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றுமே தெரியாவிட்டால் திரை, ரிப்பன் கேபிள் அல்லது சர்க்யூட்டில் பிரச்னை இருக்கலாம். திரை நன்றாக எரிந்து, பட்டன்களின் வெளிச்சம் மட்டும் வரவில்லையா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் பட்டன் விளக்குகள் பார்க்கிங் லைட்டோடு சேர்ந்து எரிபவை. ஃபியூஸோ டிம்மரோதான் காரணம் என்றால், செட்டைக் கழற்றவே தேவையில்லை.

எப்படி மாற்றுகிறார்கள்?

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுவது. அதற்கும் முன்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கம்பெனி ரேடியோக்கள் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் திருட்டுத் தடுப்புக்காகப் பூட்டிக்கொள்ளும். ரகசிய எண் கொடுத்தால்தான் திறக்கும். அந்த எண் காரோடு வந்த கையேட்டிலோ அட்டையிலோ இருக்கும். பழைய கார் வாங்கியவர்கள் முன்கூட்டியே தேடி எடுத்துவைப்பது நல்லது.

அடுத்து, டேஷ்போர்டின் சட்டத்தைப் பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாகக் கழற்றுவார்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தழும்பு விழும். ஸ்க்ரூக்களை எடுத்து, செட்டை முன்னால் இழுத்து, பின்பக்க ஒயர்களைப் பிரித்து மேஜைக்குக் கொண்டுவருவார்கள். முகப்பைத் திறந்தால் திரைக்குப் பின்னால் பல்பு தெரியும். சில செட்களில் அது சிறிய பிளாஸ்டிக் ஹோல்டரில் இருக்கும். கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். சிலவற்றில் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அங்கே கை பழகியவர்தான் தொட வேண்டும். அதிகச் சூடு பட்டால் போர்டின் செம்புத் தடம் உரிந்துவிடும்.

பழைய பல்பின் மேல் பச்சை அல்லது நீல ரப்பர் தொப்பி இருந்தால் அதைத் தூக்கி எறியக் கூடாது. டேஷ்போர்டின் மற்ற விளக்குகளோடு நிறம் ஒத்துப்போவதற்காக வைத்தது அது. இரண்டு, மூன்று பல்புகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஒரே வயதுப் பல்புகள். ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கும்.

எல்.இ.டி. போடலாமா?

போடலாம். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கண்டுபிடிப்பால்தான் இன்று சில ரூபாய்க்கு வெள்ளை எல்.இ.டி. கிடைக்கிறது. சூடு குறைவு, ஆயுள் அதிகம், குலுக்கலுக்கும் அஞ்சாது.

ஆனால், நேராக மாட்டினால் அந்த நொடியே கருகிவிடும். என்ஜின் ஓடும்போது கார் மின்சாரம் சுமார் 14 வோல்ட், வெள்ளை எல்.இ.டி.க்குத் தேவை ஏறக்குறைய 3 வோல்ட். மீதி 11 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் சுமார் 11 மில்லி ஆம்பியர் ஓடும். ராத்திரிக்கு அந்த வெளிச்சமே போதும். இந்தக் கணக்கு, பல்புக்கு முழு மின்னழுத்தமும் வரும் போர்டுக்குத்தான். சில செட்களில் ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கும். சிலவற்றில் இரண்டு பல்புகள் தொடராக இணைந்திருக்கும். அதனால் மீட்டரில் அளந்து பார்க்காமல் எதையும் மாட்டக் கூடாது. பிளஸ், மைனஸ் மாறினாலும் எரியாது. ஒளி ஒரே இடத்தில் குவிந்து கண்ணைக் கூசினால், எல்.இ.டி.யின் தலையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பரவலாகும். பழைய நிறம் அப்படியே வேண்டுமென்றால், அதே வோல்ட், அதே அளவுள்ள சாதா பல்பே சிறந்தது.

எப்போது தொடக் கூடாது?

வாரன்டியில் இருக்கும் கார் என்றால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன் எல்லாம் இணைந்த புதிய டச் ஸ்கிரீன்களில் விளக்கு திரையோடு சேர்ந்தே வரும். வீட்டில் பிரித்துப் பார்க்கும் சமாசாரம் அல்ல அது. ஏர்பேக் ஒயர்கள் அருகே செல்லும் கார்களிலும் அனுபவமுள்ளவர் கையில் விடுவதே நல்லது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் செட்டைக் கழற்றித் தர, டி.வி. மெக்கானிக் சால்டரிங் செய்வது நல்ல கூட்டணி.

பழுது பார்ப்பது நுகர்வோரின் உரிமை என்ற பேச்சு இன்று அரசு வரை வந்துவிட்டது. மத்திய அரசு 2022 டிசம்பரில் இதற்கென்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வாகனங்களும் விவசாயக் கருவிகளும் அதன் கீழ் வருகின்றன. செட் நிஜமாகவே செத்துப்போனால்கூடக் குப்பையில் வீசாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். போர்டிலுள்ள ஈயம் மண்ணில் கலந்தால், அது நம் தண்ணீருக்கும் வந்து சேரும்.

ஐப்பசி அடைமழை தொடங்கும் முன்பு, இன்றைக்கே இருட்டிய பிறகு காரில் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். எண் தெரிந்தால், திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸை ஒரு பட்டனில் பதிந்து வையுங்கள். தெரியாவிட்டால், டார்ச்சை எடுங்கள்!