பிறந்த புதிதில் லினக்ஸ்

கணினியின் மின்விசையை அழுத்திய சில நொடிகளில் அதன் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விசைப்பலகையில் அழுத்திய எழுத்தைத் திரையில் காட்டுவதும், எழுதியதை வட்டில் சேமிப்பதும், ஒரே நேரத்தில் இயங்கும் பல செயலிகளுக்கு முறைவைத்து இடம் கொடுப்பதும் அதன் பணிகள். வீட்டின் அடுக்களை வேலையைப் போன்றது அது. ஒழுங்காக நடக்கும்வரை எவரும் அதைக் கவனிப்பதில்லை; பாதியில் நின்றால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். கட்டி முடியாத வீட்டில் குடியேறுபவர்களைப் போல, முற்றுப்பெறாத ஓர் இயங்குதளத்தை விரும்பி ஏற்று நாள்தோறும் பயன்படுத்திய சிலர் 1991, 1992ஆம் ஆண்டுகளில் இருந்தனர். அந்த இயங்குதளமே லினக்ஸ்.

அதனை எழுதியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் 1969ஆம் ஆண்டு பிறந்தவர். பின்லாந்தில் பெரும்பாலோர் பேசுவது பின்னிய மொழி. அவருடைய வீட்டு மொழியோ சுவீடிய மொழி. சிறுவயதில் தாய்வழிப் பாட்டனாரின் மடியில் அமர்ந்து, அவருடைய சிறிய கணினியில் எழுத்துகளைத் தட்டிப் பழகினார். அந்தப் பாட்டனார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர். 1991ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ், தவணை முறையில் ஒரு கணினியை வாங்கினார். அதன் நினைவகம் 4 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படமே சில வேளைகளில் அந்த அளவைத் தாண்டிவிடும்.

அக்கணினியில் அவர் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவினார். நெதர்லாந்து நாட்டுப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், இயங்குதளம் எவ்வாறு செயற்படுகிறது என்பதை மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக 1987ஆம் ஆண்டில் உருவாக்கியது அது. வீட்டிலிருந்தபடியே தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியுடன் தொடர்புகொள்ள லினஸ் விரும்பினார். மினிக்ஸில் அதற்கிருந்த வசதி அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே தாமே ஒரு செயலியை எழுதத் தொடங்கினார். திரையில் ஒரு பணி 'ஏ' என்னும் எழுத்தையும் மற்றொரு பணி 'பி' என்னும் எழுத்தையும் மாறி மாறி அச்சிட்டதே அவருடைய தொடக்கச் சோதனை. பார்ப்பவர்க்கு அது வெறும் எழுத்து வரிசை. ஆனால், இரண்டு பணிகளுக்குக் கணினி முறைவைத்து நேரம் ஒதுக்குகிறது என்பதற்கு அதுவே சான்று. பின்னர், கோப்புகளை இறக்கிச் சேமிக்க வன்வட்டை இயக்கும் நிரல் தேவைப்பட்டது. அதன்பின் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை தேவைப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தவை ஓர் இயங்குதளமாக உருப்பெற்றன.

அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், மினிக்ஸ் பயனர்களுக்கு அவர் ஒரு செய்தி அனுப்பினார். தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதிவருவதாகவும், அது பெரியதாக வளரப்போவதில்லை என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். கணினி வரலாற்றில் இவ்வளவு தவறிப்போன கணிப்புகள் சிலவே இருக்கும். செப்டம்பரில் 0.01 என்னும் பதிப்பு, பின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பைச் சார்ந்த ஒரு கணினியில் வைக்கப்பட்டது. லினஸ் தம் படைப்புக்கு 'ஃப்ரீக்ஸ்' என்று பெயரிட எண்ணியிருந்தார். ஆனால் அக்கணினியைப் பராமரித்த ஆரி லெம்கே என்பவருக்கு அப்பெயர் பிடிக்கவில்லை. கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்.

0.01 பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. அது தானாக நிற்க இயலாத குழந்தை. அதனைப் பயன்படுத்த விரும்புவோரிடம் மினிக்ஸ் ஏற்கெனவே இருக்கவேண்டும்; மினிக்ஸில்தான் அதன் மூலநிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றவேண்டும். தம் வன்வட்டின் அமைப்பு எண்களைப் பயனரே மூலநிரலில் எழுதிச் சேர்க்கவும் வேண்டும். காரணம் எளிது. லினஸ் தம்முடைய ஒரே கணினிக்காக எழுதியது அது. அக்கணினியில் என்ன இருந்ததோ அதுவே அவருடைய இயங்குதளத்துக்குத் தெரியும்.

இதன் விளைவு விசைப்பலகையில்தான் வேடிக்கையாக வெளிப்பட்டது. லினஸ் வைத்திருந்தது பின்லாந்தில் வழங்கும் விசைப்பலகை. அதன் அமைப்பே 0.01 பதிப்பில் பதிந்திருந்தது. அமெரிக்க விசைப்பலகை வைத்திருந்த ஒருவர் சாய்கோட்டுக்குரிய விசையை அழுத்தினால், திரையில் சாய்கோட்டுக்கு மாறாகச் சிறுகோடு வந்து நிற்கும். இத்தகைய இயங்குதளங்களில் ஒரு கோப்பு எந்தக் கோப்புறையில் உள்ளது என்பதைக் குறிக்கச் சாய்கோடு இன்றியமையாதது. அது கிடைக்காவிட்டால் ஒரு கோப்பைக்கூடத் திறப்பது கடினம். பின்லாந்துப் பலகையில் சாய்கோடு ஏழாம் எண்ணுக்குமேல் இருந்தது என்பதை அறிந்தவர், மாற்று விசையுடன் ஏழை அழுத்தி நிலைமையைச் சமாளித்தார். பொறுமையற்றவர் மூலநிரலைத் திருத்தித் தம் விசைப்பலகைக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு இறுதிக்குள் அமெரிக்க, செருமானிய, பிரெஞ்சு விசைப்பலகைகளும் லினக்ஸில் இடம்பெற்றன. விசைப்பலகை எழுத்துகள் திரையில் வேறாகத் தோன்றும் இடர்ப்பாடு, கணினியில் தமிழைத் தட்டெழுதிப் பழகியவர்களுக்குப் புதிதன்று.

1991 இறுதியில் 0.11 பதிப்பு வந்தபோது, புதிதாக முயல்வோர்க்குச் சற்று எளிய வழி பிறந்தது. இரண்டு நெகிழ்வட்டுகள் போதும். நெகிழ்வட்டு என்பது சதுர உறைக்குள் இருக்கும் மெல்லிய காந்தத் தகடு; அக்காலத்தில் கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்ல அதுவே பயன்பட்டது. முதல் வட்டில் இயங்குதளத்தின் கருவான பகுதி. இரண்டாம் வட்டில் அன்றாடக் கட்டளைகள். முதல் வட்டைச் செருகிக் கணினியை இயக்கினால், சற்று நேரத்தில் இரண்டாம் வட்டைச் செருகி நுழைவு விசையை அழுத்துமாறு திரையில் அறிவிப்புத் தோன்றும். அழுத்தினால் கருந்திரையில் ஒரு சிறு குறியும் மின்னும் சுட்டியும் வரும். அவ்வளவுதான்! படங்களோ, சாளரங்களோ, சுட்டெலியோ இல்லை. பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ கேட்கவும் அந்தப் பதிப்பு கற்றிருக்கவில்லை. யார் அமர்ந்தாலும் முழு அதிகாரமும் அவருக்கே.

அந்த வட்டுகளைப் பெறுவதும் எளிதன்று. நொடிக்கு 240 எழுத்துகளை அனுப்பும் மோடம் வழியாக, ஒரு நெகிழ்வட்டின் 1.2 மெகாபைட் முழுவதையும் இறக்க ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் ஆகும். இடையில் வீட்டில் எவரேனும் தொலைபேசியை எடுத்துவிட்டால் தொடர்பு அறுந்துபோகும்.

பயன்படுத்தத் தொடங்கியபின் கற்கவேண்டிய முதற்பாடம், கணினியை அணைக்கும் முறை. நினைவகம் விரைவானது, வட்டு மெதுவானது. ஆதலால் பயனர் எழுதியதை இயங்குதளம் உடனுக்குடன் வட்டில் பதிப்பதில்லை. நினைவகத்தில் வைத்திருந்து பின்னர் மொத்தமாகப் பதிக்கும். மளிகைக் கடைக்காரர் பகலில் விற்பனையைச் சிட்டையில் குறித்துவைத்து, இரவில் பேரேட்டில் ஏற்றுவதைப் போன்றது இது. பேரேட்டில் ஏறும்முன் சிட்டை தொலைந்தால் அன்றைய கணக்கும் போயிற்று. மின்சாரம் நின்றதும் நினைவகம் வெறுமையாகிவிடும் அல்லவா? எனவே அணைப்பதற்கு முன் 'சிங்க்' என்னும் கட்டளையைத் தட்டச்சு செய்து, 'இருப்பதையெல்லாம் இப்போதே பதிவுசெய்' என்று கணினிக்கு உணர்த்தவேண்டும். மறந்தவர்கள் கோப்புகளை இழந்தனர். சில வேளைகளில் வட்டின் அடுக்குமுறையே குலைந்து, எல்லாவற்றையும் மீண்டும் நிறுவவேண்டியதாயிற்று.

லினஸுக்கே ஒரு பேரிழப்பு நேர்ந்தது. இவ்வகை இயங்குதளங்களில் மோடம், அச்சுப்பொறி, வன்வட்டு ஆகிய எல்லாக் கருவிகளும் கோப்புகளாகவே கருதப்படும். ஒரு கருவிக்குச் செய்தி அனுப்புவது ஒரு கோப்பில் எழுதுவதற்கு நிகர். இது மிக அழகிய எளிமை, ஆயினும் ஆபத்தும் அதிலேயே உள்ளது. ஒருநாள் பல்கலைக்கழகக் கணினியை அழைக்கும்பொருட்டு மோடத்துக்கு அனுப்பவேண்டிய ஆணையை, அவர் தவறுதலாக வன்வட்டுக்கு அனுப்பிவிட்டார். தொலைபேசியில் அழைக்கவேண்டிய எண், வட்டில் மினிக்ஸ் இருந்த பகுதியின்மேல் எழுதப்பட்டது. மினிக்ஸ் அழிந்தது. அதுவரை அவர் லினக்ஸை வளர்த்ததே மினிக்ஸின் தோள்மீது நின்றுதான். மினிக்ஸை மீண்டும் நிறுவுவதா, தாம் எழுதிய முற்றுப்பெறாத இயங்குதளத்தை மட்டுமே நம்பி வாழ்வதா என்று அவர் முடிவெடுக்கவேண்டியிருந்தது. அவர் மினிக்ஸை மீண்டும் நிறுவவில்லை. அன்றுமுதல் லினக்ஸில் உள்ள ஒவ்வொரு குறையும் அவருடைய சொந்தத் தொல்லையாயிற்று. குறைகள் விரைந்து களையப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

குறைகளைக் கண்டவர்கள் வாளாவிருக்கவில்லை என்பதே லினக்ஸின் தனிச்சிறப்பு. மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்தமையால், பிழை எங்குள்ளது என்று தேடிப்பார்க்க எவராலும் இயன்றது. கண்டறிந்தவர் முழு நிரலையும் அனுப்பமாட்டார். மாற்றவேண்டிய வரிகளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புவார். கிழிந்த சட்டையில் துணியை ஒட்டித் தைப்பதைப் போன்றதால் அதற்கு 'ஒட்டு' என்று பெயர். லினஸ் அதைச் சரிபார்த்து அடுத்த பதிப்பில் சேர்ப்பார். செருமனி நாட்டுப் பயனர் ஒருவரின் கணினியில் 2 மெகாபைட் நினைவகமே இருந்தது. மூலநிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் செயலி அதில் அடங்கவில்லை. தம் கணினியில் அத்தகைய தட்டுப்பாடு இல்லாவிடினும், லினஸ் 1991ஆம் ஆண்டுக் கிறித்துமசு விடுமுறையில் அதற்கொரு வழி செய்தார். படிக்கும் மேசை சிறியதாக இருந்தால், அப்போதைக்குத் தேவைப்படாத நூல்களை அலமாரியில் வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்வது வழக்கம். அதுபோல, நினைவகத்தில் உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை வன்வட்டில் ஒதுக்கிவைக்கும் வசதி உருவாயிற்று. விலை மலிவான கணினி வைத்திருந்தோர் பலர் அதன்பின் லினக்ஸை நாடினர்.

1992 சனவரியில் வந்த 0.12 பதிப்பில் அவ்வசதி இடம்பெற்றது. ஒரே திரையில் பல முனையங்களைத் திறந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வசதியும் வந்தது. ஒரு முனையத்தில் கடிதம் எழுதிக்கொண்டே, மற்றொன்றில் நிரல் தயாராவதைக் கண்காணிக்கலாம். வணிகப் பல்கலைக்கழகக் கணினிகளில் மட்டும் கண்ட வசதியை வீட்டு மேசைமேல் காண்பது பயனர்களுக்குப் பெருமகிழ்ச்சியளித்தது.

உரிமத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முதலில் லினக்ஸைப் பணத்துக்கு விற்கலாகாது என்று லினஸ் விதித்திருந்தார். ஆனால் நெகிழ்வட்டில் படியெடுத்துத் தருவோர் வட்டின் விலையையாவது பெறவேண்டுமல்லவா? எனவே, விற்கலாம், மாற்றலாம், ஆனால் மூலநிரலை மறைக்கலாகாது என்னும் பொதுமக்கள் உரிமத்துக்கு 1992ஆம் ஆண்டில் மாறினார். தமக்குப் பணம் வேண்டா, அவரவர் ஊரிலிருந்து ஓர் அஞ்சலட்டை அனுப்பினால் போதும் என்றார். நியூசிலாந்து, சப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்தெல்லாம் அட்டைகள் வந்தன. கணினித் தவணையின் நிலுவை இன்னும் இருந்ததை அறிந்த பயனர்கள், தம்முள் பணம் திரட்டி அதையும் தீர்த்துவைத்தனர்.

1992 மார்ச்சில் பதிப்பு எண் 0.12இலிருந்து 0.95க்குத் தாவியது. முழுமை பெற்ற 1.0 பதிப்பு அண்மையில் வந்துவிடும் என்னும் நம்பிக்கையே காரணம். அந்த நம்பிக்கையும் பொய்த்தது. 0.96, 0.97, 0.98, 0.99 என்று எண்கள் தீர்ந்துபோக, 0.99க்கு உள்ளேயே மேலும் பல உட்பதிப்புகளை வெளியிட நேர்ந்தது. ஒருவழியாக 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வெளிவந்தபோது, 10,000 வரிகள் ஒரு இலட்சத்து எழுபத்தாறாயிரமாகப் பெருகியிருந்தன.

இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருந்து இயக்குவது லினக்ஸின் கருப்பகுதியே. சென்னையிலுள்ள சி-டாக் மையம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பயன்படும் 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. இவற்றை அணைக்கும்போது எவரும் கட்டளை எதையும் தட்டச்சு செய்வதில்லை. பதிவுசெய்யும் வேலையை இயங்குதளமே முடித்துக்கொள்கிறது. எனினும் 'சிங்க்' கட்டளை நீக்கப்படவில்லை. இன்றைய லினக்ஸிலும் அதைத் தட்டச்சு செய்யலாம். திரையில் எந்த விடையும் தோன்றாது. ஒருகணம் கழித்துச் சுட்டி அடுத்த வரியில் வந்து மின்னும்.