கனியும் குளிசையும்

அரிந்து வைத்த வாழைக்காய் சிறிது நேரத்திற் கறுத்துவிடுகின்றது. மழையில் நனைந்த இரும்பு துருப்பிடிக்கின்றது. இவ்விரண்டிலும் பங்குகொள்வது காற்றிலுள்ள ஒட்சிசனே. மனிதனின் உயிர்மூச்சுக்கு இன்றியமையாத அதே வாயு, பிற பொருள்களோடு சேர்ந்து அவற்றை மாற்றியும் அழித்தும் விடுகின்றது. உடலினுள்ளும் இத்தகைய செயல் ஓயாது நிகழ்கின்றது. உணவு சக்தியாக மாறும்போது, நிலையற்ற சில துணிக்கைகள் தோன்றி, உடற்கலங்களைத் தாக்குகின்றன. புகையிலைப் புகை அவற்றை மேலும் பெருக்குகின்றது. இத்தாக்குதலைத் தணிக்கும் பொருள்களை ஒட்சியேற்ற எதிரிகள் என்பர். விற்றமின் சீ, விற்றமின் ஈ என்பனவும், கரற்று, பூசணி, மாம்பழம் முதலியவற்றிற் காணப்படும் பீற்றா கரோட்டீனும் இவ்வகையைச் சேர்ந்தவை.

மரக்கறியும் கனியும் மிகுதியாக உண்போருக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறைவாகவே வருகின்றது என்பதைப் பல நாட்டு ஆய்வாளரும் கண்டிருந்தனர். அவர்களுடைய இரத்தத்திற் பீற்றா கரோட்டீனும் மிகுந்திருந்தது. ஆயின், காப்பது அப்பொருள்தானா? இவ்வினாவை 1981 ஆம் ஆண்டில் ரிச்சட் பீற்றோ, ரிச்சட் டோல் முதலிய அறிஞர்கள் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் எழுப்பினர். மக்களுக்கு அதனைக் கொடுத்துச் சோதித்தாலன்றி விடை காணவியலாது என்பது தெளிவாயிற்று.

அச்சோதனை 1985 ஆம் ஆண்டிற் பின்லாந்து தேசத்திலே தொடங்கிற்று. புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேர் அதிற் சேர்ந்தனர். அவர்கள் 50 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்டோர். குலுக்கல் முறையில் அவர்கள் நான்கு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் பீற்றா கரோட்டீன் 20 மில்லிகிராம். மற்றொரு பிரிவினருக்கு விற்றமின் ஈ 50 மில்லிகிராம். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். நான்காம் பிரிவினருக்கு மருந்தற்ற வெறுங் குளிசை. யாருக்கு எது கிடைத்தது என்பதை உண்டவரும் அறியார், அவரைப் பரிசோதித்த வைத்தியரும் அறியார். நம்பிக்கையும் விருப்பமும் முடிவைத் திரித்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

1994 ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. பீற்றா கரோட்டீன் உண்டவர்களிடையே சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்கு 18 வீதம் கூடியிருந்தது. மரணங்களும் நூற்றுக்கு 8 வீதம் மிகுந்திருந்தன. விற்றமின் ஈயும் அந்நோயைத் தடுக்கவில்லை.

தற்செயலாக நேர்ந்த பிழையோ என ஐயுற்றவர்க்கு ஐக்கிய அமெரிக்கா விடை தந்தது. அங்கே புகைபிடிப்போர், முன்னர் புகைபிடித்தோர், கல்நார்த் தொழிலாளர் ஆகிய 18,314 பேரைக் கொண்டு மற்றொரு சோதனை நடைபெற்று வந்தது. அவர்களுட் பாதிப்பேர் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் பீற்றா கரோட்டீனோடு விற்றமின் ஏயும் உண்டனர். அவர்களிடையே புற்றுநோய் நூற்றுக்கு 28 வீதமும் மரணம் 17 வீதமும் மிகுந்திருக்கக் கண்டு, 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னரே குளிசை கொடுப்பதை நிறுத்திவிட்டனர்.

அங்ஙனமாயின், மரக்கறியைப் பற்றிய முந்திய ஆய்வுகள் பொய்யோ? அல்ல. பின்லாந்துச் சோதனையிலேயே, வெறுங் குளிசை உண்டவர்களுள், தொடக்கத்தில் இரத்தத்திற் பீற்றா கரோட்டீன் மிகுந்திருந்தோருக்கு நோய் குறைவாகவே வந்தது. இரண்டும் உண்மையே. இரத்தத்திலுள்ள கரோட்டீன், அம்மனிதன் நன்கு உண்பவன் என்பதற்கு ஓர் அடையாளம். அவன் உண்ணும் கனியில் வேறு பல சத்துக்களும் நாரும் உள்ளன. அவனுடைய ஏனைய பழக்கங்களும் நல்லனவாக இருத்தல் கூடும். அடையாளத்தைக் காரணமெனக் கொண்டதே தவறு. அன்றியும், புகை நிறைந்த சுவாசப்பையிற் பேரளவாகச் சேரும் கரோட்டீன் தானே சிதைந்து தீங்கு விளைக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர்.

இதனால் விற்றமின்கள் வேண்டா என்பது பொருளன்று. சீனத்தின் லின்சியன் பகுதியில், ஊட்டம் குறைந்த மக்களிடையே 1986 முதல் 1991 வரை நடந்த சோதனையில், பீற்றா கரோட்டீன், விற்றமின் ஈ, செலனியம் ஆகியவற்றைச் சேர்த்து உண்டோரின் மரணம் நூற்றுக்கு 9 வீதம் குறைந்தது. குறையுள்ள இடத்தை நிரப்புவது நன்மை. நிறைந்த பாத்திரத்தில் மேலும் ஊற்றுவது நன்மையாகாது. வைத்தியர் ஒரு குறைபாட்டை அறிந்து கொடுக்கும் குளிசையை ஒருவரும் தாமாகவே கைவிடலாகாது.

புகைபிடித்துக்கொண்டே குளிசையாற் காப்புத் தேடலாம் என்று எண்ணுவோருக்கே இவ்வாராய்ச்சி பெரிதும் உரியது. அவர்களுக்குக் காப்பாகுமென எதிர்பார்க்கப்பட்ட குளிசையே கேடாக முடிந்தது. புகையை விடுதலும், கீரையும் கனியும் உணவோடு உண்ணுதலுமே அவர்களுக்கு உகந்த வழி.